கார் டோர் ரப்பரை வீட்டிலேயே மாற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் ஒரு வாகன உதிரிப்பாகக் கடையின் கவுண்டரில் நிற்கிறேன். மே மாத மழை பிடித்துவிட்டால் போதும், கிழிந்த ரப்பர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஒருவர் மாற்றி ஒருவர் வருவார்கள். சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றுதான். 2020 மார்ச்சிலிருந்து 2025 தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதி நின்றுபோனதில் பழைய கார்களையே பார்த்துப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டோம். காருக்கு என்ன வயதோ அதே வயதுதான் அதன் ரப்பருக்கும். பொறுமையாகச் செய்தால் யாரும் வீட்டு வாசலிலேயே செய்துகொள்ளக்கூடிய வேலை இது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

டோர் ரப்பர்னு எதைச் சொல்றீங்க? கதவைச் சுத்தி மூணு நாலு ரப்பர் இருக்கே.

உண்மைதான். கதவைத் திறந்தால் காரின் பொடிப் பக்கம் (உடல் தகட்டில்), கதவு வந்து உட்காரும் சட்டத்தைச் சுற்றி ஒரு ரப்பர் ஓடும். ஒரு பக்கம் தகட்டு விளிம்பைக் கவ்விப் பிடிக்கிற வாய், மறுபக்கம் உள்ளே வெற்றிடமுள்ள உருண்டைக் குழாய். கவ்வும் வாய்க்குள் மெல்லிய உலோகப் பட்டி வைத்திருப்பார்கள். கடையில் ‘பீடிங்’ என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் எடுத்துத் தருவோம். இரண்டாவது ரப்பர் கதவிலேயே இருக்கும், பிளாஸ்டிக் கிளிப்பிலோ ஒட்டும் டேப்பிலோ நிற்கும். இது எல்லாக் கார்களிலும் முழுச் சுற்றாக வராது.

மற்றவை ஷட்டர் கண்ணாடிக்கு உரியவை. கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் ஒன்று, கண்ணாடியின் அடியில் வெளிப்பக்கமாக நின்று தண்ணீரை வழித்துவிடும் பட்டி ஒன்று. இங்கே சொல்வதெல்லாம் முதல் இரண்டு ரப்பர்களைப் பற்றித்தான்.

ரப்பர் போயிருச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் அமுங்கி, கையை எடுத்ததும் எழும்பிவிடும். போன ரப்பர் தட்டையாகவே கிடக்கும், இல்லாவிட்டால் அமுங்கவே மறுக்கும். ஓட்டுநர் பக்கக் கதவின் அடிப்பகுதிதான் முதலில் கிழியும். ஏறும்போதும் இறங்கும்போதும் சப்பாத்தும் உடுப்பும் உரசுகிற இடம் அது. மேல் மூலைகளில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு இரண்டு சோதனைகள் உண்டு. ஒரு காகிதத் துண்டை ரப்பருக்கும் கதவுக்கும் இடையில் வைத்துக் கதவை மூடி இழுங்கள். இறுக்கமாக வந்தால் சரி, வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் பிடிப்பு இல்லை. ஒரு சாணுக்கு ஒரு தடவை இப்படி இழுத்துப் பார்த்துக்கொண்டே சுற்றி வரலாம். இன்னொன்று, ரப்பர் முழுக்க முகப் பவுடரை மெல்லியதாகத் தடவிக் கதவை ஒருமுறை மூடித் திறப்பது. கதவின் உட்பக்கப் பெயின்டில் வெள்ளைக் கோடு ஒன்று பதிந்திருக்கும். கோடு எங்கே அறுந்திருக்கிறதோ அங்கேதான் காற்றும் தண்ணீரும் நுழைகின்றன. எனக்கு இந்தப் பவுடர் சோதனைதான் பிடிக்கும், முழுச் சுற்றையும் ஒரே பார்வையில் காட்டிவிடும்.

மழை பெஞ்சா கால் வைக்கிற எடம் நனைஞ்சு போகுது. ரப்பர் மாத்தினா சரியாயிருமா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் ரப்பர் வாங்க வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன். கால்மிதி நனைவதற்கு டோர் ரப்பர் ஒரு காரணம் மட்டுமே. பல கார்களில் அது காரணமே இல்லை.

கதவுக்குள் தண்ணீர் போவது இயல்பு. ஷட்டர் கண்ணாடியின் ஓரமாக மழைநீர் கதவின் வயிற்றுக்குள் இறங்கி, கதவின் அடி விளிம்பில் உள்ள இரண்டு மூன்று துளைகள் வழியாக வெளியே போய்விடும். அந்தத் துளைகளைச் சேறு அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கதவை ஆட்டினால் ‘சளக் சளக்’ என்று கேட்கும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை எடுத்துத் துளைக்குள் விட்டுக் குத்திப் பாருங்கள், கறுப்புத் தண்ணீர் கொட்டினால் பாதி வேலை முடிந்தது. இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது. பெயின்ட் கீறி அங்கேயே துரு பிடிக்கும்.

அடுத்தது, கதவின் உள் அட்டைக்குப் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் தாள். கறுப்பான பிசுபிசுப்புப் பசையால் கதவோடு ஒட்டியிருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீர் காருக்குள் வராமல் தடுப்பது இதுதான். ஸ்பீக்கர் போட்டபோதோ பவர் ஷட்டர் மோட்டார் பார்த்தபோதோ யாராவது அதைக் கிழித்திருப்பார்கள், அல்லது திரும்ப ஒட்டாமல் விட்டிருப்பார்கள். ‘ஸ்பீக்கர் போட்ட பிறகுதான் நனையுது’ என்று யாராவது சொன்னால் நான் ரப்பரை எடுத்தே காட்டுவதில்லை. பழைய பசையை ஹெயார் டிரையரால் சூடாக்கித் தாளைத் திரும்ப அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். கிழிந்திருந்தால் கெட்டியான பொலித்தீனில் அதே அளவுக்கு வெட்டி ஒட்டலாம்.

அப்போ தண்ணி எங்கே இருந்து வருதுன்னு நானே பார்க்க முடியுமா?

முடியும், ஆள் ஒருவர் துணைக்கு வேண்டும். ஒருவர் டோர்ச்சோடு காருக்குள் உட்கார வேண்டும். மற்றவர் வெளியே குழாய்த் தண்ணீரை, அழுத்தம் இல்லாமல், கதவின் அடியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே கொண்டு போக வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் நிறுத்துங்கள். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனையும், எது ஓட்டை என்று தெரியாது. சேர்விஸ் ஸ்டேஷனில் அடிக்கிற அழுத்தத் தண்ணீரைக் கொண்டு இதைச் சோதிக்கவும் வேண்டாம். அது நல்ல ரப்பரையும் தாண்டி உள்ளே போகும்.

கதவில் ஒன்றும் வராவிட்டால் முன் கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். யூகலிப்டஸ் மரத்தடியில் நிற்கிற கார்களில் அந்தப் பள்ளம் இலையால் அடைபட்டு, தண்ணீர் காற்று வரும் வழியாக உள்ளே இறங்கும். வெயில் நாளிலும் நனைந்தால் அது மழையே இல்லை. ஏசி போடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டாவிட்டால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கிறது. ஈரம் பிசுக்காகவும் இனிப்பு வாடையாகவும் இருந்தால் ஹீட்டரிலிருந்து கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஒழுகுகிறது. அதை உடனே கராஜில் காட்ட வேண்டும்.

கொஞ்சம் ஈரந்தானே, அப்படியே விட்டா என்ன?

நம் ஊரில் விடக் கூடாது. கார்ப்பெட்டுக்குக் கீழே உள்ள பஞ்சு ஈரத்தைப் பிடித்துக்கொண்டால், இந்தக் குளிரில் வாரக்கணக்கில் காயாது. பூஞ்சை வாடை வரும், தரைத் தகடு உள்ளிருந்து துருப்பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம், காருக்குள் இருக்கும் ஈரம் இரவில் கண்ணாடியில் படிகிறது. லிந்துலையிலோ றம்பொடையிலோ வெளியே மூடுபனி, உள்ளே கண்ணாடி முழுக்க ஆவி என்றால் எதிரே வருகிற பஸ் கடைசி நொடியில்தான் தெரியும். ரப்பரை மாற்றினால் மட்டும் போதாது, கார்ப்பெட்டைத் தூக்கிப் பஞ்சைக் காயவைத்தால்தான் ஆவி நிற்கும்.

எந்த மாசத்துல செஞ்சா நல்லது?

நீங்கள் மலையின் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை அடிக்கும். இங்கே ஜனவரி முதல் மார்ச் வரைதான் நல்ல காலம். பதுளை, பசறை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் இதற்கு நேர் எதிர். வடகீழ் மழை முடிந்து, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை வறண்டு வெயிலாக இருக்கும். நுவரெலியாவுக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் கிடைக்கிற இரண்டு வெயில் நாளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

கவ்வும் வகை ரப்பரை எந்த நாளும் போடலாம். கம்மும் டேப்பும் உள்ள வேலைக்குத்தான் வெயில் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே டேப் சரியாகப் பிடிக்காது, ஈரத்திலும் பிடிக்காது. காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். தகட்டை ஹெயார் டிரையரால் கை பொறுக்கிற சூட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒட்டுங்கள். ஒட்டிய பிறகு ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது. பிடிப்பு முழுமையாக வர மூன்று நாள் ஆகும்.

ஒரிஜினல் வாங்கவா, மீட்டர் கணக்குல விக்கிறதை வாங்கவா, ரீகண்டிஷன் போதுமா?

கதவோடு வரும் கிளிப் வகை ரப்பருக்கு மூலைகள் வார்ப்பாகவே வரும், கிளிப் துளைகளும் அந்தக் கதவுக்கென்றே இருக்கும். அதற்கு மீட்டர் ரப்பர் சரிவராது. ஒரிஜினலோ, அதே மொடலில் இருந்து கழற்றிய நல்ல நிலையில் உள்ளதோ வேண்டும். ஒரே பெயரில் பல மொடல்கள் வந்திருப்பதால் செசி நம்பரைக் கொடுத்துக் கேளுங்கள். ‘விட்ஸ்’ என்றோ ‘ஒல்டோ’ என்றோ மட்டும் சொன்னால் கடைக்காரருக்கும் எதைத் தருவதென்று தெரியாது.

பொடிப் பக்கத்தில் கவ்வும் ரப்பர் என்றால் மீட்டர் கணக்கில் விற்பது தாராளமாகப் போதும், அளவு சரியாக இருந்தால். ரீகண்டிஷன் ரப்பரை, அதாவது ஜப்பானில் ஓடிய காரிலிருந்து கழற்றி வந்ததை, கொழும்பு பஞ்சிகாவத்தையிலோ கண்டியிலோ வாங்குகிறவர்கள் நேரில் அழுத்திப் பார்த்து வாங்குங்கள். ஜப்பானில் பல வருடம் மூடிய கதவுக்குள் நசுங்கிய ரப்பர், பார்வைக்குப் பளபளப்பாக இருந்தாலும் எழும்பாது.

வாங்கும்போது ‘ஈபிடிஎம்’ ரப்பரா என்று கேளுங்கள். வெயில், ஓசோன் இரண்டையும் தாங்குகிற செயற்கை ரப்பர் அது. மலையில் குளிராக இருந்தாலும் சூரியனின் புற ஊதாக் கதிர் கீழ்நாட்டைவிடக் கூடுதலாகவே விழுகிறது. விலை குறைந்த பிவிசி பட்டிகள் குளிரில் விறைத்துப்போய்க் கதவோடு ஒட்டாமல் நிற்கும்.

எவ்வளவு நீளம், என்ன சைஸ்?

நீளத்துக்கு ஒரு நூலைப் பழைய ரப்பரின் மேலேயே சுற்றிப் பிடித்து அளங்கள், கூட ஒரு சாண் சேர்த்து வாங்குங்கள். சின்னக் காரின் முன் கதவுக்கே 3 மீட்டருக்கு மேல் போகும்.

சைஸ்தான் முக்கியம். பழைய ரப்பரில் நசுங்காத ஒரு துண்டை, பெரும்பாலும் கீல் பக்கத்தில் கிடைக்கும், இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டிக் கடைக்குக் கொண்டுவாருங்கள். பார்க்க வேண்டியவை மூன்று: கவ்வும் வாயின் அகலம், குழாயின் விட்டம், குழாய் வாய்க்கு மேலே இருக்கிறதா பக்கவாட்டில் இருக்கிறதா என்பது. மூன்றாவதை மறந்து வாங்கினால் கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவர வேண்டிவரும். குழாய் 2 மில்லிமீட்டர் பெரிதானாலே கதவு மூட முரண்டு பிடிக்கும். ‘பெருசா இருந்தா நல்லா அடைக்கும்’ என்று நினைக்காதீர்கள்.

என்னென்ன சாமான் வேணும்?

பிளாஸ்டிக் நெம்பி அல்லது முனை மழுங்கிய மரக் கரண்டிக் காம்பு, தகடு வெட்டும் கத்தரிக்கோல், ஹெயார் டிரையர், சோப்புத் தண்ணீர், ஐசோபுரோப்பில் ஸ்பிரிட், பழைய பருத்தித் துணி. கிளிப் வகை என்றால் உபரிக் கிளிப் பத்து. ரப்பர் சுத்தியல் இருந்தால் நல்லது, உள்ளங்கையும் போதும்.

பழசைக் கழட்டுறப்ப கிளிப் எல்லாம் ஒடைஞ்சிருதே?

சில உடையத்தான் செய்யும், அதற்குத்தான் உபரிக் கிளிப். குளிர்ந்த பிளாஸ்டிக் சட்டென்று முறியும். ரப்பரை முதலில் டிரையரால் இளஞ்சூடாக்கிவிட்டு, நெம்பியைக் கிளிப்பின் தலைக்கு நேர் அடியில் விட்டுத் தூக்குங்கள். ரப்பரைப் பிடித்து இழுத்தால் கிளிப்பின் தலை ரப்பரோடு வந்துவிடும், கால் கதவுக்குள் நின்றுவிடும்.

கவ்வும் வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கீழ்ப்பக்கம் இணைப்பு இருக்கும் இடத்தில் தொடங்கி, கையாலேயே மேல்நோக்கி இழுத்தால் வந்துவிடும். உள்ளே உள்ள உலோகப் பட்டியின் முனை கையைக் கிழிக்கும், கையுறை போடுங்கள். கழற்றிய பழைய ரப்பரைக் குப்பையில் போடாதீர்கள், புதியது சரியாக உட்கார்ந்து மழை ஒன்றைப் பார்க்கும் வரை அது வேண்டும்.

பழைய கம் போகவே மாட்டேங்குது. பெற்றோல் போட்டுத் தொடைக்கலாமா?

வேண்டாம். பெற்றோலும் மண்ணெண்ணெயும் ஒரு எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். அதன்மேல் புது டேப் ஒட்டாது, ஈபிடிஎம் ரப்பரும் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும். தின்னர் பெயின்டையே கரைத்துவிடும். கம்மை டிரையரால் சூடாக்கினால் இளகும், கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம். மிச்சத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடையுங்கள். முதலில் கண்ணில் படாத ஓரத்தில் துடைத்துப் பாருங்கள், துணியில் நிறம் ஏறினால் அது பிறகு அடித்த பெயின்ட். அப்படியானால் சோப்புத் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இந்த வேலையில் அதிக நேரம் சுத்தம் செய்வதற்குத்தான் போக வேண்டும். ரப்பர் மாட்டுவது கொஞ்ச நேரம்.

ரப்பரைக் கழட்டினா உள்ள துரு இருக்கு. அப்படியே மேல மாட்டிரலாமா?

மேல் துருவா, தகடு தின்ற துருவா என்று முதலில் பாருங்கள். மேல் துரு என்றால் உப்புத்தாளால் தேய்த்து, உதிரும் துரு போனதும் மிச்சத் துருவின் மேல் துரு மாற்றித் திரவம் பூசி, பிறகு பிரைமர், அதன்மேல் பெயின்ட். ஒரு நாள் காயவிட்டு ரப்பர் மாட்டலாம். பெயின்ட் பச்சையாக இருக்கும்போது மாட்டினால் ரப்பர் அதை வழித்துக்கொண்டு போய்விடும்.

விளிம்பு ஓட்டையாகி, கையால் அசைத்தால் உதிர்கிறது என்றால் கவ்வுவதற்கே தகடு இல்லை. அது டிங்கர் பாஸ், அதாவது பொடித் தகடு வேலை செய்கிறவர், வெட்டி ஒட்ட வேண்டிய வேலை. ரப்பரை அதற்குப் பிறகு வாங்குங்கள்.

சரி, புதுசை எங்கே இருந்து ஆரம்பிக்கிறது?

முதலில் ரப்பரை ஓர் இரவு நீட்டி வையுங்கள். சுருட்டி வைத்த மடிப்பு போக வேண்டும். மாட்டும்போது குழாய்ப் பகுதி கதவு வந்து மோதுகிற திசையைப் பார்க்க வேண்டும். வார்ப்பு மூலையும் பெயின்ட் புள்ளியும் உள்ள ஒரிஜினல் ரப்பர் என்றால் அந்தப் புள்ளிகள் எங்கே வர வேண்டும் என்பதைப் பழையதை வைத்துப் பார்த்துப் பொருத்துங்கள்.

மீட்டர் ரப்பருக்கு நான் சொல்லும் முறை இது. ஒரு முனையைக் கதவின் அடியில், சட்டத்தின் நடுவில் ஒரு சாண் தொங்க விட்டுவிட்டு மேலே கொண்டு போங்கள். மேல் மூலை இரண்டையும் முதலில் உட்கார வையுங்கள், பிறகு கீழ் மூலைகள், கடைசியில் நேரான பகுதிகள். ஒவ்வோர் இடத்திலும் ரப்பரைத் தள்ளிப் பொருத்த வேண்டும், இழுத்துப் பொருத்தக் கூடாது. இது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும். இழுத்து மாட்டிய ரப்பர் அன்றைக்கு அழகாகத் தெரியும். சில வாரத்தில் தன் நீளத்துக்குத் திரும்பும்போது மூலையில் வளைவை விட்டு நேர்கோடாகக் கிளம்பிவிடும், இணைப்பிலும் இடைவெளி விழும். மூலையில் கொஞ்சம் கூடுதலாகவே ஊட்டிவிடுங்கள், ஆனால் குழாய் மடியக் கூடாது. விரலை வளைவின் மேல் ஓடவிட்டால் மடிப்பு கைக்குத் தட்டுப்படும். சுற்று முழுக்க உள்ளங்கையால் தட்டி உட்கார வைத்துவிட்டு, வாயின் உதடு தகட்டின் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரெண்டு முனையும் சேர்ற எடத்துல என்ன செய்யணும்?

அந்த இடம் எப்போதும் கீழேதான் இருக்க வேண்டும், மேலே வைத்தால் மழை நேராக அதற்குள் இறங்கும். தேவைக்கு மேல் சுமார் 5 மில்லிமீட்டர் விட்டு, நேராக வெட்டுங்கள். குழாயைக் கூரான பிளேடாலும் உலோகப் பட்டியைக் கத்தரிக்கோலாலும் வெட்டலாம். இரு முனைகளும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு ஒரு துளி சுப்பர் குளூ வைத்து அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள்.

குழாயில் ஆங்காங்கே சின்னத் துளைகள் இருக்கும். அவற்றைப் பழுது என்று நினைத்து சிலிக்கனால் அடைத்தவர்கள் இருக்கிறார்கள். கதவு மூடும்போது குழாய்க்குள் இருக்கும் காற்று வெளியேறும் வழி அது. அடைத்தால் ரப்பர் அமுங்க மறுக்கும்.

புது ரப்பர் போட்டதுல இருந்து கதவை அடிச்சு மூட வேண்டியிருக்கு. தப்பா மாட்டிட்டேனா?

பெரும்பாலும் இல்லை. பழைய நசுங்கிய ரப்பருக்குப் பழகிய கை நம்முடையது. புதியது படிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், குளிரான இடத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதல். அதுவரை ஷட்டரை ஒரு விரல் அளவு இறக்கிவிட்டு மூடுங்கள். உள்ளே அடைபடும் காற்றுக்கு வழி கிடைத்தால் கதவு எளிதாக உட்காரும்.

இரண்டு வாரம் கழிந்தும் அதே நிலை என்றால் மூன்று இடத்தைப் பாருங்கள். குழாய் பெரிதாக வாங்கியிருக்கலாம், கீல் பக்கத்தில் ரப்பர் திரும்பி மடிந்திருக்கலாம், மேலே சொன்ன காற்றுத் துளைகள் அடைபட்டிருக்கலாம்.

பூட்டு மாட்டுற கொக்கியைக் கொஞ்சம் வெளியே தள்ளிட்டா லேசா மூடுமே?

மூடும். ஆனால் அதைக் கடைசி வழியாக வையுங்கள். அந்தக் கொக்கியின் போல்ட்டுகள் சில மொடல்களில் நட்சத்திர வாய், சிலவற்றில் பெரிய பிலிப்ஸ் வாய். பொருத்தமான பிட் இல்லாமல் தொட்டால் வாய் தேய்ந்துவிடும். முதலில் கொக்கியைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, போல்ட்டை அசையும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, ஒரு மில்லிமீட்டர் வெளியே தட்டி இறுக்குங்கள். மேலும் கீழும் நகரவிடாதீர்கள்.

கதவு பூட்டும்போது இரண்டு தடவை ‘கிளிக்’ கேட்க வேண்டும். முதல் கிளிக்கோடு நின்ற கதவு பாதி பூட்டிய கதவு. பின் இருக்கையில் பிள்ளைகள் சாய்ந்து வருகிற காரில், நம் வளைவுகளில் அது உயிரோடு விளையாடுகிற காரியம். கதவின் தகடு பக்கத்துத் தகட்டோடு ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று விரலை ஓடவிட்டும் பாருங்கள்.

தண்ணி நின்னுருச்சு, ஆனா ஹைவேயில போனா விசில் சத்தம் கேட்குது.

நம் பக்கத்து ரோட்டில் அந்த வேகம் வராது என்பதால் இது தெற்கு அதிவேக வீதிக்குப் போகும்போதுதான் தெரியவரும். சத்தம் வருகிற பக்கத்துக் கதவு இடைவெளியை வெளியிலிருந்து மாஸ்கிங் டேப்பால் மூடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் டேப்பைப் பகுதி பகுதியாக உரித்துக்கொண்டே வாருங்கள், எந்தத் துண்டை உரித்ததும் சத்தம் திரும்புகிறதோ அங்கே பவுடர் சோதனையைச் செய்யலாம். டேப் ஒட்டியும் நிற்காவிட்டால் பக்கக் கண்ணாடியின் அடித் தளமோ, ஷட்டர் ஓடும் பள்ளத்து ரப்பரோ காரணம்.

வேன் ஸ்லைடிங் டோருக்கும் பின் கதவுக்கும் இதே முறைதானா?

டொல்பின் போன்ற வேன்களின் ஸ்லைடிங் டோரில் ரப்பருக்கு முன்னால் ரோலரைப் பாருங்கள். கதவைப் பாதி திறந்து பின் முனையைத் தூக்கினால் ஆட்டம் தெரிகிறதா? அப்படியானால் ரோலர் தேய்ந்து கதவு தொங்குகிறது. எந்த ரப்பர் போட்டாலும் மேல் பக்கம் இடைவெளி இருக்கும்.

பின் கதவு ரப்பரை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். ஓடுகிற வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைவதால், பின்னால் ஓட்டை இருந்தால் தூசியோடு புகையும் உள்ளே இழுபடும். அதில் கார்பன் மொனொக்சைட் இருக்கிறது, அதற்கு வாடையும் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றுகிற வேனில் பின் இருக்கைப் பிள்ளைகளுக்குத் தலையிடி, வாந்தி என்றால் வளைவைக் குற்றம் சொல்வதற்கு முன் பின் கதவு ரப்பரையும் சைலன்சர் குழாயையும் பாருங்கள்.

நுவரெலியாவுல காலையில கதவு ரப்பரோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்குது.

ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுகிற காலையில் இது நடக்கும். ரப்பரில் நின்ற ஈரம் உறைந்து ஒட்டிக்கொள்கிறது. பிடித்து இழுத்தால் ரப்பர் கிழியும். கதவை வெளியிலிருந்து உள்நோக்கி நாலைந்து தடவை அழுத்திவிட்டு மெதுவாகத் திறங்கள். கொதிநீர் ஊற்ற வேண்டாம், கண்ணாடி வெடிக்கும். முன்னிரவே ரப்பரைத் துடைத்துக் காயவிட்டு, மெல்லியதாக சிலிக்கன் கிரீஸ் தடவிவிட்டால் அடுத்த காலை பிரச்சினை இருக்காது.

சிலிக்கன் கிரீஸுக்குப் பதிலா தேங்காய் எண்ணெய், வெசலின் தடவலாமா?

வெசலினும் வண்டிக் கிரீஸும் பெற்றோலிய வகை, கம் துடைக்கும் கேள்வியில் சொன்ன அதே காரணத்தால் ரப்பரை ஊதவைக்கும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், அதாவது நம் ஊரில் பெரும்பாலான நேரம். தூசியையும் பிடித்துக்கொண்டு, நாள்பட்டால் சிக்கு வாடையும் அடிக்கும். சிலிக்கன் ஒன்றுதான் சரி. டேப் ஒட்டப்போகிற தகட்டுக்கு அருகில் மட்டும் அதைக் கொண்டுபோக வேண்டாம், பட்ட இடத்தில் எதுவும் ஒட்டாது.

நாலு கதவையும் ஒண்ணா மாத்தணுமா?

தேவையில்லை. பவுடர் சோதனையில் தோற்ற கதவை மட்டும் மாற்றினால் போதும். ஓட்டுநர் கதவு ஒன்றோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள், அது நியாயமான செலவு. முதல் கதவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அடுத்தது விரைவாக முடியும்.

பழைய ரப்பருக்குள்ள பஞ்சு வெச்சு அடைச்சிருக்கேன். கொஞ்ச நாளைக்கு ஓடுமா?

பஞ்சு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, தகட்டை ஓயாமல் நனைத்துக்கொண்டே இருக்கும். மழைக்காலம் முடிவதற்குள் விளிம்பு துருவேறிவிடும். ரப்பர் வாங்கும் வரை சமாளிக்க வேண்டும் என்றால், நசுங்கிய குழாய்க்குள் அதே நீளத்துக்கு மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றை நுழைத்துவிடுங்கள். அது தண்ணீரைக் குடிக்காது.

எல்லாம் சரியாத்தான் செஞ்சேன், ஆனாலும் ஒரே மூலையில ஒழுகுது. என்ன செய்யலாம்?

கதவைத் திறந்து பின் முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாவிட்டால் கதவை மூடி, சுற்றியுள்ள இடைவெளியைப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும் இருந்தால் கதவோ சட்டமோ வளைந்திருக்கிறது, எப்போதோ அடிபட்ட வண்டியாக இருக்கலாம். இந்த இரண்டையும் வீட்டில் செய்ய முடியாது. டிங்கர் பாஸிடம் கொண்டுபோகும்போது பவுடர் தடவிய கதவின் போட்டோவை ஃபோனில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் எவ்வளவு கதவு உள்ளே வர வேண்டும் என்பது அவருக்கு அந்தக் கோட்டைப் பார்த்தாலே தெரியும். மாட்டிய ரப்பரைக் கழற்ற வேண்டாம், ஆனால் வெல்டிங் வேலை என்றால் அந்தப் பகுதியை மட்டும் உருவி ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். தீப்பொறி பட்டால் புது ரப்பர் போய்விடும்.